நான்காவது மாடிக்கு ஹோஸ் எப்படிப் போகும்?

தீயணைப்புத் துறையில் சேர நினைக்கும் இளைஞர்களிடம் அங்கே என்ன வேலை என்று கேட்டால், தண்ணீர் பீய்ச்சுவது என்பார்கள். அது கடைசிக் கட்ட வேலை. அதற்கு முன்னால் ஹோஸ், அதன் முனையில் மாட்டும் பிராஞ்ச், மூச்சுக் கருவி, கோடரி, விளக்கு எல்லாம் தீ இருக்கும் மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். சாமான் மேலே போகும் வேகத்தில்தான் தீயணைப்பும் நடக்கும். பயிற்சிக் காலத்தில் பலரும் சலிப்போடு கடந்துவிடுகிற பாடம் இதுதான். தென்காசி, குற்றாலம் பக்கம் வேலைக்கு வருபவருக்கு முதலில் உதவப்போகிற பாடமும் இதுதான்.

காரணம், ஊரின் கட்டட உயரம். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரைத் தொடும் கட்டடங்களிலிருந்து உயர்மாடிக் கணக்கைத் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயரமான கட்டடம் என்கின்றன. அந்த வகைக் கட்டடத்தில் தீயணைப்பு வீரர்களுக்கென்றே தனி லிஃப்ட் இருக்கும். 545 கிலோ தாங்கும், தரையிலிருந்து உச்சி மாடிக்கு ஒரு நிமிடத்துக்குள் போகும். குற்றாலம் மெயின் அருவிக்கு நடந்து போகும் தொலைவில் உள்ள லாட்ஜுகளோ பெரும்பாலும் மூன்று, நான்கு மாடியோடு நின்றுவிடுகின்றன. தனி லிஃப்ட் கிடையாது. சாதாரண லிஃப்ட் இருந்தாலும், தீ என்றதும் மின்சாரத்தைத் துண்டிப்பதால் அது உதவாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு மாடிப்படி. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் படியில் பையும் பிள்ளையுமாக மொத்தக் கூட்டமும் இறங்கி வந்துகொண்டிருக்கும்.

அதே படியில் ஹோஸை இழுத்துக்கொண்டு ஏறினால் இரண்டு கேடு. இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். அதைவிட மோசம், ஹோஸ் குறுக்கே கிடப்பதால் படிக்கட்டின் கதவு மூடாது. புகை படிக்குள் இறங்கும். ஆகவே படியை மக்களுக்கு விட்டுவிட்டு, சாமானை வெளிச்சுவர் வழியாக ஏற்ற வேண்டும். வண்டியில் வரும் 35 அடி ஏணி ஒரு எல்லை வரைக்கும் எட்டும். அதற்கு மேலே கயிறுதான்.

மாடிப்படியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1991 பிப்ரவரி 23 அன்று எரிந்த ஒன் மெரிடியன் பிளாசா. 38 மாடிக் கட்டடம். தீ 22ஆம் மாடியில். மின்சாரம் போய் லிஃப்டுகள் நின்றன. உள்ளே இருந்த குழாய்களில் போதிய அழுத்தம் இல்லை. காற்றுச் சிலிண்டர்களையும் ஹோஸையும் வீரர்கள் படிப்படியாகத் தோளில் சுமந்தார்கள். 5 அங்குல ஹோஸையே படிக்கட்டு வழியாக மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். 30ஆம் மாடியில் இருந்த தானியங்கித் தெளிப்பான்கள்தான் தீயை நிறுத்தின. நம் ஊரில் 38 மாடி இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. லிஃப்ட் இல்லாத நான்கு மாடியிலும் சுமக்க வேண்டிய சாமான் அதேதான், சுமக்க வரும் ஆட்கள் அங்கே வந்தவர்களில் சிறு பங்கு.

எடைக் கணக்கைப் பார்ப்போம். 63 மி.மீ. ஹோஸில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3.1 லிட்டர் தண்ணீர் நிற்கும். தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்துக்குத் தொங்கும் ஹோஸில் தண்ணீர் மட்டும் 37 கிலோ. அதனால் ஹோஸைக் காலியாக இருக்கும்போதே ஏற்ற வேண்டும். மேலே போனதும், ஹோஸை இணைக்கும் கப்ளிங்குக்குக் கீழே பட்டையைச் சுற்றி ஒரு தூணில் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்க வேண்டும். கட்டாமல் தண்ணீர் விட்டால் எடை முழுவதும் பிராஞ்ச் பிடித்திருப்பவர் கையில் வரும். ஹோஸ் ஜன்னல் வழியாகக் கீழே நழுவும். உயரத்துக்கும் விலை உண்டு. 10 மீட்டருக்குச் சுமார் 1 பார் அழுத்தம் குறையும். தென்காசி காசிவிசுவநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறத்தாழ 180 அடி. அதன் உச்சிக்குத் தண்ணீரைக் கொண்டுபோக உயரத்துக்காக மட்டும் ஐந்தரை பார் தேவை. ஹோஸின் உள்ளே உராய்வில் போவது தனிக் கணக்கு. லாட்ஜின் நான்காம் மாடிக்கு 1.2 பார் என்பது பம்புக்குப் பெரிய சுமை இல்லை. சுமை எல்லாம் ஆளுக்குத்தான்.

கயிறு, கப்பி, ரோலர்

கருவிகள் அதிகமில்லை. கயிறு, அதை அடைத்துவைக்கும் பை, ஒன்றிரண்டு கப்பி, பூட்டுள்ள காரபினர் கொக்கிகள், நங்கூரம் கட்ட நாடாப் பட்டை, சுவர் விளிம்பில் வைக்கும் ரோலர். ரோலரை அலட்சியமாக நினைப்பார்கள். சிமெண்டு விளிம்பில் எடையோடு உரசும் கயிறு ஒரே வேலையில் நூல் நூலாகப் பிரியலாம். ஹோஸின் துணியும் அப்படியே. ரோலர் கைவசம் இல்லையென்றால் மடித்த சாக்குப் பையாவது கயிற்றுக்கு அடியில் இருக்க வேண்டும்.

கயிற்றின் ரகம் தெரியாமல் கயிற்றைத் தொடக் கூடாது. மணிலா கயிறு உருகாது, கருகும். ஈரத்தில் வைத்தால் உள்ளே மக்கும், வெளியே தெரியாது. பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், அருவிக்கரை மீட்புக்கு அருமையானது. ஆனால் 165 டிகிரி வாக்கில் உருகிவிடும். எரியும் கட்டடத்தின் பக்கம் அதைக் கொண்டுபோவது மடத்தனம். நைலான் 6 சுமார் 220 டிகிரியில்தான் உருகும், இழுபடும் தன்மை அதிகம். நனைந்தால் பத்துப் பதினைந்து சதவீத பலத்தை இழக்கும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் நனையாத கயிறு ஏது? ஆகவே அட்டையில் எழுதியிருக்கும் பலத்தைக் கழித்தே கணக்குப் போட வேண்டும். முடிச்சுப் போட்டால் மேலும் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் குறையும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: சாமான் தூக்கும் கயிறு வேறு, ஆளை இறக்கும் கயிறு வேறு. கோடரியும் ஏணியும் தூக்கிய கயிற்றில் எங்கே வெட்டு விழுந்தது, எங்கே சூடு பட்டது என்று யாருக்கும் தெரியாது. உயிர் காக்கும் கயிறு தனிப் பையில், தனி நிறத்தில், தனிப் பதிவேட்டோடு இருக்க வேண்டும். அவசரத்தில் 'இது ஒரு தடவைதானே' என்று அதை எடுத்து ஏணியைத் தூக்கிவிட்டால், அன்றோடு அது சாமான் கயிறாக மாறிவிட்டது; திரும்பிப் பழைய பைக்குள் போகக் கூடாது. இதை எழுதுவது எளிது. வேலையிடத்தில் மூத்தவர் ஒருவர் அந்தக் கயிற்றைக் கேட்கும்போது, 'அண்ணே, அது ஆள் கயிறு, இதோ மத்தது' என்று சொல்லி வேறொன்றை நீட்டத் தைரியம் வேண்டும். நல்ல மூத்தவர் கோபப்பட மாட்டார்.

கப்பியில் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே ஒரு கப்பியைக் கட்டி, கீழே நிற்பவர்கள் கயிற்றைப் பிடித்து நடந்தே இழுக்கலாம். மேலே ஆள் குறைவு, கீழே ஆள் அதிகம் என்பதால் இது வசதி. ஆனால் 30 கிலோ சாமான் தொங்கும்போது, அதை இழுக்கும் விசையும் கிட்டத்தட்ட 30 கிலோ; இரண்டும் சேர்ந்து கப்பி கட்டிய இடத்தில் 60 கிலோ விழுகிறது. இதைத் தெரியாமல் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலோ, பி.வி.சி. குழாயிலோ, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியிலோ கட்டினால், சாமானோடு சேர்ந்து அதுவும் இறங்கும். படிக்கட்டு அறையின் கான்கிரீட் தூண், மேல்நிலைத் தொட்டியின் கான்கிரீட் கால், இவைதான் நம்பகமானவை. மூன்றுக்கு ஒன்று என்று கப்பிகளை அடுக்கினால் பாரம் மூன்றில் ஒன்றாகத் தெரியும், ஆனால் 12 மீட்டர் ஏற்ற 36 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஹோஸுக்கும் மூச்சுக் கருவிக்கும் அது நேர விரயம். கையால் இழுப்பதே வேகம்.

மோட்டார் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த நேட் பால் என்பவர் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறும் கையடக்க மோட்டார் கருவியை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றி, 2007இல் லெமல்சன்-எம்.ஐ.டி. மாணவர் விருது பெற்றார். முழுச் சாமானோடு இருக்கும் ஒரு வீரரை நொடிக்கு 10 அடி வேகத்தில் ஏற்றுவதுதான் குறி. பின்லாந்தின் பிராண்டோ ஸ்கைலிஃப்ட் நிறுவனம் 112 மீட்டர் எட்டும் வண்டி வரை செய்கிறது. இவற்றைத் தெரிந்துவைத்திருங்கள். ஆனால் சீசன் நேரத்தில் இருபுறமும் கார்கள் நிற்கும் குற்றாலம் சாலையில் அத்தனை பெரிய வண்டி கால் ஊன்ற இடம் எங்கே என்பதையும் யோசியுங்கள்.

யார் முதலில் போவது, எது முதலில் போவது

மேலே போகிறவர்கள் எரியாத பக்கத்தில் படி இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் இருக்கும் ஒரே படியின் ஓரமாகவும் போக வேண்டும், தோளில் மூச்சுக் கருவி, கையில் கயிற்றுப் பை. வேறு சுமை வேண்டாம். தீ உள்ள மாடிக்கு ஒரு மாடி கீழே நிற்க வேண்டும். அங்கிருந்து கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பையைக் கீழே விட்டால் கயிறு சிக்கல் இல்லாமல் இறங்கும். கீழே இருப்பவர் சாமானைக் கட்டுவார். ஒரு மாடி கீழே என்பதற்குக் காரணம், கயிறு எரியும் ஜன்னலுக்கு முன்னால் தொங்காது. மொட்டை மாடிக்கே ஏற்ற நேர்ந்தால், ஜன்னல் இல்லாத பக்கச் சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஹோஸ். பிராஞ்ச் மாட்டிய முனையை ஒன்றரை மீட்டர் அளவுக்கு ஹோஸின் மேலேயே மடித்து, பிராஞ்சையும் ஹோஸையும் சேர்த்துக் குளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட வேண்டும். மடிப்புக்கு ஓரடி கீழே ஒரு ஹாஃப் ஹிட்ச். இப்போது தூக்கினால் மடிப்பு முதலில் மேலே வரும். பிராஞ்ச் சுவரில் மோதாது, அதன் வாய் திறந்துகொள்ளாது. கோடரி என்றால் தலை கீழே, கைப்பிடி மேலே. தலையை ஒட்டி முடிச்சு, கைப்பிடியில் ஹாஃப் ஹிட்ச். ஏணிக்கு மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிப் படிகளுக்கு இடையே சுருக்கை விட்டு, நுனியைச் சுற்றி எடுத்தால் நிமிர்ந்தபடி ஏறும். கூடுதல் சிலிண்டர்களைக் கயிற்றில் நேரடியாகக் கட்டாமல் வாய் மூடிய பையில் போட்டுக் காரபினரில் மாட்டுவதே நல்லது. வால்வு அடிபட்டால் 300 பார் அழுத்தம் வெளியே வரும்.

சாமானில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கயிறும் கட்டப்பட வேண்டும். அதைத் தரையில் ஒருவர் சுவரிலிருந்து விலகி நின்று பிடித்திருப்பார். சாமான் சுழலாமலும் பால்கனி விளிம்பில் மாட்டாமலும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் இந்த வேலைதான் வரும். கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம். மேலே இருப்பவருக்குப் புகையில் கீழே எதுவும் தெரியாது. அவருடைய கண் நீங்கள்தான். சொற்கள் மூன்று போதும்: ஏத்து, நிறுத்து, இறக்கு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தக் கூடாது. 'நிறுத்து' மட்டும் யார் சொன்னாலும் செல்லும். தொங்கும் சாமானுக்கு அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தை விலக்குவதும் வேலையில் சேர்த்தி.

இழுக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் கிணற்றில் தண்ணீர் இறைத்து வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வரும். 'ஏலே, கயித்தக் கையில சுத்தாதல' என்று மூத்தவர் சத்தம் போட்டால் முகம் சுண்ட வேண்டாம். மேலே முடிச்சு நழுவினால் சுற்றிய கயிறு விரலை எடுத்துவிடும்.

நிலையத்தில் இந்த வேலையைப் பழக வழி இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரங்களில் கிணறுகள் அதிகம். பசு விழுந்தது, ஆள் விழுந்தார் என்று தீயணைப்புத் துறைக்குத்தான் அழைப்பு வரும். நங்கூரம் தேடுவது, விளிம்பில் ரோலர் வைப்பது, பாரத்தைச் சீராக இழுப்பது எல்லாம் கிணற்று மீட்பில் அப்படியே இருக்கின்றன, புகை மட்டும் இல்லை. அந்த அழைப்புகளுக்கு நீங்களாகவே முன்வந்து போங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அருவிக்கரையும் இந்தத் துறையின் வேலையிடம்தான். அங்கும் கயிறு தெரிந்தவருக்கே வேலை.

அழைப்பு இல்லாத நாட்களில் லாட்ஜுகளைச் சுற்றிப் பாருங்கள். குற்றாலத்தில் குரங்குக்குப் பயந்து பால்கனிக்கும் ஜன்னலுக்கும் கம்பி வலை அடித்திருப்பார்கள். நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது, திறந்து வைத்தால் தட்டில் இருக்கும் பரோட்டா மிஞ்சாது. ஆனால் அந்த வலை வழியாக ஹோஸ் நுழையாது, உள்ளே இருப்பவரும் வெளியே வர முடியாது. எந்த மாடியில் எந்தத் திறப்பு வலை இல்லாமல் இருக்கிறது, மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம், கான்கிரீட் தூண் எங்கே என்று ஒரு சிறு நோட்டில் குறித்துவையுங்கள். 2023 ஆகஸ்டில் மெயின் அருவி அருகே தற்காலிகக் கடைகள் எரிந்து, சிலிண்டர்கள் வெடித்தபோது தீ எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை ஊர் பார்த்தது. அவை தரைமட்டக் கடைகள். அதே நெருப்பு பக்கத்துக் கட்டடத்தில் ஏறினால் என்ன செய்வது என்பதற்கு அந்த நோட்டு பதில் சொல்லும்.

வேலைக்குப் போகும் வழி

தீயணைப்பாளர் பதவிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் ஆகியோரோடு சேர்த்துப் பொதுத் தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2025 அறிவிப்பில் மொத்தம் 3,644 இடங்கள். அதில் தீயணைப்பாளர் 631. சம்பள விகிதம் ரூ.18,200 முதல் ரூ.67,100 வரை. வயது 18 முதல் 26. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 31. தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் முதன்மைத் தாள் திருத்தப்படும். முதன்மைத் தாள் 70, உடல்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. உயரம் 170 செ.மீ., பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 167. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதன் பிறகு கயிறு: 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே பாருங்கள்.

கயிறு ஏறுவதில் தோற்பவர்கள் பெரும்பாலும் கை பலத்தை மட்டும் நம்பியவர்கள். பாதங்களுக்கு இடையே கயிற்றைப் பூட்டிக் காலால் உந்தினால் கை களைக்காது. தோப்பில் தென்னை ஏறிப் பழகியவர்களைப் பார்த்தால் காலின் வேலை புரியும்.

பட்டம் பெற்றவர்கள் அதே தேர்வாணையம் நடத்தும் நிலைய அலுவலர் தேர்வுக்குப் போகலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வு வழியாக மாவட்ட அலுவலராகவும் சேரலாம். பெண்கள் இந்த வழியில் 2003இலேயே உள்ளே வந்துவிட்டார்கள். பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அந்த ஆண்டு சேர்ந்தவர்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தின் கலச மகால் எரிந்தபோது பிரியா பலத்த தீக்காயம் அடைந்தார். முன்னணித் தீயணைப்பாளர் அன்பழகன் உயிரிழந்தார். பழைய கட்டடத்தின் கூரை சரியும் என்பதைத் துறை அன்று பெரும் விலை கொடுத்துப் பார்த்தது. மேற்படிப்புக்கு 1956இல் தொடங்கிய தேசியத் தீயணைப்புக் கல்லூரி நாக்பூரில் இருக்கிறது.

அரசு வேலை கிடைக்கவில்லையா? கயிற்று வேலை தெரிந்தவருக்குத் தென்காசி மாவட்டத்திலேயே இன்னொரு வாசல் உண்டு. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் நிற்கும் காற்றாலைகளில் பழுது பார்ப்பவர்கள் கருவிகளைக் கோபுர உச்சிக்கு ஏற்றுவது சிறு மின்கப்பி வழியாகத்தான். பாரத்துக்கு அடியில் நிற்காதே, வழிகாட்டிக் கயிறு கட்டு, நங்கூரத்தைச் சோதி என்ற அதே விதிகள். குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் வகுத்த அடிப்படைப் பயிற்சியில் உயரத்தில் வேலை, தீ விழிப்புணர்வு, முதலுதவி, பாரம் தூக்கும் முறை ஆகியவை பாடங்கள். அந்தச் சான்றிதழ் வெளிநாட்டிலும் செல்லும்.

பயிற்சிக்குச் சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். கடையில் 12 மி.மீ. கயிறு ஐந்து மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். குளோவ் ஹிட்ச், ஹாஃப் ஹிட்ச், போலைன், ஃபிகர் எயிட் என நான்கு முடிச்சுகள். முதலில் வெறும் கையில், பிறகு தடித்த தோல் கையுறை போட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கயிற்றை ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுத்தும் போட்டுப் பாருங்கள். நனைந்த முடிச்சு இறுகும் விதமும் அவிழும் விதமும் வேறு. வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடையைத் தொங்கவிட்டுப் பார்க்கும் ஆசை வந்தால், பயிற்சியாளர் அருகில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.